உப்பு தின்ற சட்டம்

போலீஸ் விட்ட பிறகு லாரியை இழுத்துவந்து கோயில்பிள்ளை மேஸ்திரியின் பட்டறையில் போட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து உப்பளங்களுக்குப் போகும் சாலையில் அவருடையதுதான் கடைசிப் பட்டறை. லாரிகளுக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை நெருப்பில் வாட்டி, அடித்து வளைத்து, திரும்பக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஒற்றை ஆளாகத்தான் வேலை பார்த்தார்.

லாரியோடு சந்தனமாரியும் வந்தாள். வண்டி அவள் புருஷன் தங்கப்பழத்துடையது. சொந்த வண்டி, சொந்த ஓட்டம். ஒரு மாலை உப்பு ஏற்றி வரும்போது அது சாலையை விட்டு இறங்கி ஓடையில் கவிழ்ந்தது. தங்கப்பழம் ஸ்டியரிங்கிலேயே இறந்துபோனார். மூட்டைகள் மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த முத்துக்கிளி என்ற உப்பளத் தொழிலாளியும் மூட்டைகளுக்கு அடியில் சிக்கி இறந்தாள். டிரைவர் தூங்கிவிட்டார் என்று போலீஸ்காரர்கள் எழுதினார்கள். வண்டியின் அடியில் உடைந்திருந்ததெல்லாம் கவிழ்ந்ததில் உடைந்தது என்றும் எழுதினார்கள்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சந்தனமாரி.

"கேளுங்க மைனி."

கோயில்பிள்ளை தங்கப்பழத்தைவிட இளையவர். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர். அந்த முறையில் இவள் மைனி.

"அவுக தூங்கினாகளா?"

"நான் வண்டியில இல்லையே."

"அடியில பாத்தா உங்களுக்குத் தெரியும்னு சொல்லுதாங்க."

"தெரியலாம்."

"பாத்துச் சொல்லுங்க."

மேஸ்திரி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தூங்கலைன்னு சொன்னா நம்புவீங்களா?"

"நம்புவேன்."

"தூங்கினாருன்னு சொன்னா?"

அவள் யோசித்தாள். "நீங்க சொன்னா நம்பித்தான் ஆகணும்."

"அப்ப நான் சொல்லுததுல ஒண்ணும் இல்ல."

அவர் உள்ளே போய் ஒரு கம்பி பிரஷ்ஷும் ஒரு இரும்புச் சுரண்டியும் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"சுரண்டுங்க" என்றார்.

*

லாரியை மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார் மேஸ்திரி. சந்தனமாரி சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்தாள். ஓடைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு மேல் உப்பு பூத்திருந்தது.

லாரியின் அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. சேசிஸ் என்பது அதுதான். மொத்தப் பாரமும் அந்த இரண்டு சட்டங்கள் மேல்தான். சட்டங்களைத் தாங்குவது பட்டைகள். வலது பின்பக்கத்தில் பட்டையைப் பிடித்திருந்த கொண்டி சட்டத்தோடு பிய்ந்து போயிருந்தது. அவள் நேராக அங்கே போனாள்.

"அங்க இல்ல" என்றார் மேஸ்திரி. "முன்னாடி இருந்து வாங்க."

"உடைஞ்சது இங்கதான?"

"அங்க ஆரம்பிச்சா உடைஞ்சது மட்டுந்தான் தெரியும்."

அவள் முன்பக்கம் போய்ப் படுத்தாள். சுரண்டினாள். சேறு விழுந்தது. பிறகு பெயிண்ட் விழுந்தது. பெயிண்டுக்குக் கீழே துரு. துரு தாள் தாளாக உரிந்து முகத்தில் கொட்டியது. துருவுக்குக் கீழேயும் துரு இருந்தது.

"எது வரைக்கும் சுரண்டணும்?"

"இரும்பு வர்ற வரைக்கும்."

மாலையில் அவள் வெளியே வந்தபோது கண் இமையெல்லாம் சிவந்த தூள். வாயில் உப்பும் இரும்பும் கலந்த ருசி. அவள் சுரண்டிய இடம் ஒரு முழம்தான் இருக்கும். மேஸ்திரி அடியில் போய்ப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டினார். மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இது நல்ல இரும்பு" என்றார். "காதுல வச்சுக்கோங்க."

மறுநாள் அவளே தட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளித் தட்டியபோது மணி கேட்கவில்லை. காய்ந்த மண்சுவரைத் தட்டியது போல் இருந்தது.

"இது?"

"பாதி போயிட்டு."

"வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது?"

"பாக்க அப்படித்தான் இருக்கும்."

அப்படியே நாட்கள் போயின. அவர் எதையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் கடப்பாரையைப் பட்டை முனையில் உள்ள கண்ணுக்குக் கீழே கொடுத்து நெம்பச் சொன்னார். நெம்பினாள். பட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கண்ணின் உள்ளே செருகியிருந்த புஷ் என்ற குழல் தேய்ந்து வெறும் வளையமாகிவிட்டிருந்தது. இன்னொரு நாள் வலது பின்டயர் ஒன்றைக் கழற்றி உருட்டிக் காட்டினார். ஒரு ஓரம் மட்டும் மொட்டையாக வழித்திருந்தது.

"டயர் ஒரு பக்கமா தேஞ்சா என்ன அர்த்தம் மேஸ்திரி?"

"அச்சு நேரா இல்லைன்னு அர்த்தம். வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கிட்டே ஓட்டணும்."

"எத்தன நாளா அப்படி ஓடியிருக்கும்?"

"ஒரு டயர் தேயுற அளவுக்கு."

அவள் டயரைத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கப்பழம் ராத்திரி சாப்பிடும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வலிக்குது, எண்ணெய் போட்டு விடு என்பார். அவள் போட்டு விடுவாள்.

பட்டறைக்கு வந்துபோகிறவர்கள் அவளை மேஸ்திரியின் கையாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

தங்கப்பழத்தின் தம்பி லிங்கதுரை இடையிடையே வந்து பார்த்தான். அவன் இன்னொருவருக்குச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் வண்டியை எடுத்து ஓட்டினால் இரண்டு வீட்டுக்கும் அடுப்பு எரியும் என்பது அவன் எண்ணம். சந்தனமாரிக்கும் அந்த எண்ணம் இருந்தது.

"என்ன மைனி, இன்னும் சுரண்டிக்கிட்டே இருக்கீங்க? சுரண்டச் சுரண்ட வண்டி கொறஞ்சுக்கிட்டுல்லா போவுது."

"மேஸ்திரி சொல்லுதாரு."

"ரெண்டு பிளேட் வச்சு வெல்டிங் அடிச்சு, மேல பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது. எல்லா உப்பு வண்டியும் அப்படித்தான் ஓடுது."

மேஸ்திரி காதில் விழாதது போல் உலையை ஊதிக்கொண்டிருந்தார்.

*

ஒரு காலை வேறொரு உப்பு லாரி வந்து நின்றது. பாரத்தோடு நின்றது. டிரைவர் இறங்கி, பின்பட்டை அடுக்கில் மேல் தாள் முறிந்துவிட்டது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றான். முப்பது வயதுக்காரன். அவசரத்தில் இருந்தான்.

மேஸ்திரி சந்தனமாரியைப் பார்த்தார். அவள் சுத்தியலோடு அடியில் போனாள். தட்டும் சத்தம் கேட்டது. மணி, மணி, மணி. பிறகு மண்சுவர்.

அவள் வெளியே வந்து தலையை ஆட்டினாள்.

"பாரத்தை இறக்கிட்டு வாங்க" என்றார் மேஸ்திரி. "சட்டத்துல அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டுத்தான் பட்டை கட்டணும்."

"அதுக்கு ஒரு வாரம் ஆகும் மேஸ்திரி. சீசன் நேரம். வண்டி நின்னா உப்பு வேற வண்டிக்குப் போயிரும். பட்டையை மட்டும் மாத்துங்க."

"மாத்த மாட்டேன்."

"வேற இடத்துல மாத்திக்கிடுதேன்."

சந்தனமாரி குறுக்கே வந்தாள். "தம்பி, இப்படி ஓட்டாதீங்க. எங்க வீட்டுக்காரரு இதே ரோட்டுலதான்..."

அவன் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். யாரென்று தெரிந்துகொண்டு குரலைத் தணித்தான்.

"தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டுலயா? நல்ல மனுசன்க்கா. ஆனா அவுக கண்ணசந்துட்டாக. நான் பகல்லயே ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் வண்டி எடுப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

லாரி போய்விட்டது. மூட்டைகள் மேல் ஆட்கள் உட்காரத் தோதாக ஒரு தார்ப்பாய் விரித்துக் கட்டியிருந்தது.

"அவனை ஏன் விட்டீங்க?" என்றாள் அவள்.

"வண்டி அவனோடது."

"பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்லா?"

"எதைச் சொல்லி நிறுத்த?"

அவள் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு லாரியின் அடியில் புகுந்துகொண்டாள்.

*

வலது பின்பக்கம் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கொண்டி பிய்ந்த இடத்துக்கு முன்னால் பெயிண்ட் மற்ற இடங்களைவிடக் கனமாக இருந்தது. இரும்புச் சுரண்டி வழுக்கியது. உளியை வைத்துத் தட்டினாள். பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்தது. கீழே துரு இல்லை. வெள்ளையாக, கல் போல இறுகிய பட்டி. வண்டிகளின் நெளிசலை நிரப்பத் தடவுவார்களே, அந்தப் பட்டி.

சட்டத்தில் யாரும் பட்டி தடவ மாட்டார்கள் என்பது இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மேஸ்திரி" என்றாள்.

அவர் வரவில்லை. உலைக்கு முன்னால் நின்றபடி, "எடுங்க" என்றார்.

அவள் உளியால் பட்டியை நெம்பினாள். அது பெரிய துண்டாகக் கழன்று மார்பில் விழுந்தது. சட்டத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குள் துணி திணித்திருந்தது. பட்டி உள்ளே விழுந்துவிடாமல் இருக்கத் திணித்த துணி. விரல் விட்டு இழுத்தாள். உப்பும் துருவும் ஊறி விறைத்துப் போன துணி, மெல்ல மெல்ல வந்தது.

கத்தரிப்பூ நிறம். மஞ்சள் கரை.

அவளுடைய சேலை. கிழிந்துபோனதை இரண்டாக வெட்டி, பாதியை வீட்டில் கரித்துணியாக வைத்துக்கொண்டு, மீதியைக் கண்ணாடி துடைக்க வேண்டும் என்று கேட்ட தங்கப்பழத்திடம் அவள்தான் கொடுத்தாள்.

வெளியே வர அவளுக்கு நேரமாயிற்று. வந்து தரையில் உட்கார்ந்தாள். துணியை மடியில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"அவுக தூங்கல" என்றாள்.

"இல்ல."

"வண்டிதான் இழுத்துக்கிட்டுப் போயிருக்கு."

"ஆமா."

"அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

மேஸ்திரி செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தெரிஞ்சு, அடியில போய்ப் படுத்து, என் சேலையை அடைச்சு, பூசி, பெயிண்ட் அடிச்சிருக்காக. அப்புறம் வீட்டுக்கு வந்து என் கையால சோறு தின்னுருக்காக." அவள் குரல் உயரவில்லை. "முத்துக்கிளி கை காட்டியிருப்பா. ஏறிக்கோன்னு இவுகதான் சொல்லியிருப்பாக. வேற யாரு சொல்ல?"

ஒரு லாரி சாலையில் இரைந்துகொண்டு போனது. அது போன பிறகு அவள் கேட்டாள்.

"உங்ககிட்ட காட்டினாகளா?"

"காட்டினாரு. ஓட்டை அப்ப விரல் நுழையுத அளவு."

"என்ன சொன்னீங்க?"

"வெட்டணும்னு சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு."

"நீங்க விட்டுட்டீங்க."

"விட்டுட்டேன்."

"இதை நான் வந்த அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களை ஏசியிருப்பேன். எம் புருசன் மேல பழி போடுதீங்கன்னு ஏசிட்டு, வண்டியை வேற பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

மேஸ்திரி தலையசைத்தார்.

*

லிங்கதுரை வந்தபோது அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவன் ஓட்டையைக் குனிந்து பார்த்தான். அவள் மடியில் இருந்த துணியைப் பார்த்தான். அவனுக்கும் லாரி தெரியும். விளக்கம் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணன் வேணும்னு செய்யல மைனி."

"தெரியும்."

"ரெண்டு மாசம் தாங்கிரும்னு நெனச்சிருக்கும்."

"அதும் தெரியும்."

"அப்ப விடுங்க. தூங்கிட்டான்னு எழுதிட்டாங்க. ஊரும் அதையே நம்பிட்டு. தூங்கினவன்னா பாவம்னு சொல்லுவாங்க. இது வெளிய தெரிஞ்சா அண்ணனுக்கு என்ன பேரு வரும்னு யோசிச்சுப் பாத்தீங்களா? முத்துக்கிளி வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?"

அவள் துணியில் ஒட்டியிருந்த துருவைத் தட்டினாள்.

"அந்தத் துணியைக் கொடுங்க" என்று கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவனே குனிந்து எடுத்தான். உலையை நோக்கி நடந்தான். மேஸ்திரி வழியை விட்டு விலகி நின்றார்.

சந்தனமாரி எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுரண்டிச் சுரண்டிக் காய்ப்பேறிய கை. அவன் விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. துணியை விட்டான்.

"சரி, அதை நீங்களே வச்சுக்கோங்க" என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "வண்டியையாவது எனக்குக் கொடுங்க. நல்லா கனமா பிளேட் அடிச்சு ஓட்டிக்கிடுதேன். நம்ம பிள்ளைகளுக்கு வேற என்ன இருக்கு?"

"எதுல பிளேட் அடிப்பே?"

"சட்டத்துலதான்."

அவள் சுத்தியலை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "நல்ல இரும்பு எங்க இருக்குன்னு நீயே தட்டிப் பாரு. அங்க அடிச்சுக்கோ."

அவன் அடியில் போனான். ஓட்டைக்குப் பக்கத்தில் தட்டினான். தள்ளித் தட்டினான். இன்னும் தள்ளித் தட்டினான். ஒரே சத்தம்தான் வந்தது. ஒரு இடத்தில் சுத்தியல் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதை வெளியே இழுக்கும் சத்தம் மட்டும் சற்று நேரம் கேட்டது.

அவன் வெளியே வந்தபோது அவள் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெட்டிருங்க."

"எந்த இடத்தை?"

"முழுசா. யாரும் வாங்கி ஓட்ட முடியாதபடிக்கு."

மேஸ்திரி காஸ் கட்டரைப் பற்ற வைத்தார். தீ மஞ்சளாக வந்து, நீலமாகி, ஊசி போலக் கூர்ந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

அவள் அதை மாட்டிக்கொண்டு கட்டரையும் வாங்கினாள்.

முதல் கோடு நேராக வரவில்லை. மேஸ்திரி பின்னால் நின்று அவள் முழங்கையை மட்டும் தாங்கிக்கொண்டார். உப்பு தின்ற இடத்தில் தீ எதிர்ப்பே இல்லாமல் போனது. ஒரு சட்டம் விட்டது. பிறகு மற்றது. லாரியின் பின்பாதி மரக்கட்டைகள் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

லிங்கதுரை அதுவரை நின்று பார்த்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

*

அவள் கை கால் கழுவி, புருஷனின் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். துணி மட்டும் கையில் இருந்தது. கிளம்புகிறவள் போலச் சாலை வரை போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

மேஸ்திரி வேறு யாருடைய பட்டையையோ நெருப்பிலிருந்து எடுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"முத்துக்கிளி வீட்டுக்காரர் சுடலைமணி, இவுக காரியத்துக்கு வந்திருந்தாரு" என்றாள்.

"பாத்தேன்."

"பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன். எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, அழாதீங்கம்மா, உறக்கம் யாரைக் கேட்டு வருது, அவரும் மனுசன்தானன்னு சொன்னாரு. எங்க வீட்டுல காப்பித் தண்ணி குடிச்சுட்டுப் போனாரு."

மேஸ்திரி அடிப்பதை நிறுத்தவில்லை. பட்டை சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அவரு மன்னிச்சுட்டாரு மேஸ்திரி. மனசு ஆறிப்போயி இருக்காரு. இப்ப நான் போயி, தூக்கம் இல்ல, தெரிஞ்சேதான் உம்ம பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு வந்தாருன்னு இந்தத் துணியைக் காட்டணுமா? செத்தவ திரும்பி வரப் போறாளா? எம் புருசனும் செத்தாச்சு, வண்டியையும் வெட்டிப் போட்டாச்சு. இதுக்கு மேல இதை யாருக்குக் காட்ட? யாருக்கு என்ன ஆகப் போவுது?"

மேஸ்திரி சுத்தியலை நிறுத்தினார். ஆறிய பட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். ஆவி எழுந்து அடங்கியது.

"முத்துக்கிளி மக படிப்பை நிறுத்திட்டு அவ இடத்துக்கு உப்பளத்துக்குப் போவுது, மைனி" என்றார். "சாயங்காலம் எந்த லாரி வருதோ, அது மேல ஏறித்தான் வீட்டுக்கு வருது."